அயர்லாந்து மாப்பிள்ளையின் பேச்சு

மஸ்கட்டில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் பல வருஷம் நின்றுவிட்டு ஊர் திரும்பிய ஏசுராஜுக்கு ஏற்காட்டில் தனிச் செல்வாக்கு. வெள்ளைக்காரர் வாயைத் திறந்தால் போதும், ஆஸ்திரேலியாவா நியூசிலாந்தா என்று சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு ஒரே இங்கிலீஷாகக் கேட்பது அவருக்கு மட்டும் நாலு ஊராகக் கேட்கும். அந்தத் திறமையால் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு லாட்ஜில் நல்ல வேலையும் கிடைத்தது. மனுஷன் அதோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. சர்ச்சில் யாராவது வெளிநாட்டு மாப்பிள்ளை பார்த்தால் ஏசுராஜைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளையை போனில் இங்கிலீஷ் பேச வைத்து, சொல்கிற நாட்டில்தான் நிஜமாக இருக்கிறானா என்று இவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். துபாயில் உட்கார்ந்துகொண்டு கனடா என்று கதைவிட்ட ஒருவனைப் பிடித்தும் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு, பூசையில் கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பதற்கு முன் ஏசுராஜின் காது ஒத்துக்கொள்ள வேண்டும் என்றாகிவிட்டது.

போன வருஷம் பக்கத்து மஞ்சக்குட்டையிலிருந்து, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஆண்டனி ராஜ் கூப்பிட்டார். மகள் அபிஷாவுக்கு ஜெப்சன் என்று ஒரு வரன், அயர்லாந்தில் நர்ஸ். இரண்டு பேரும் மாதக்கணக்கில் போனில் பேசி மனசு ஒத்துப்போயிருந்தது. பேருக்குத்தான் ஏசுராஜ்.

ஸ்பீக்கரில் போட்டார்கள். ஜெப்சன் 'ர' வந்த இடமெல்லாம் அழுத்தி, சொற்களை நறுக்கி நறுக்கிப் பேசினான். மஸ்கட்டில் எண்ணெய்க் கம்பெனி ஸ்காட்லாந்துக்காரர்கள் பேசிய அதே பேச்சு. அயர்லாந்துத் தலைநகர் டப்ளினிலிருந்து வந்தவர்கள் பேசியது வேறு. ஒன்று மட்டும் இடித்தது. கேள்வி கேட்காதபோதும் வாக்கியத்தின் கடைசியில் குரலை மேலே ஏற்றினான். எந்த ஸ்காட்லாந்துக்காரரும் அப்படிப் பேசி ஏசுராஜ் கேட்டதில்லை. ஆனால் வீடே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"பையன் இருக்கறது அயர்லாந்து இல்லீங்கண்ணா, ஸ்காட்லாந்து," என்றார். "எதுக்கு மறைக்கறான்னுதான் தெரியலீங்க."

நம்பரும் அயர்லாந்து நம்பர் இல்லை, பிரிட்டன் நம்பர் என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அங்கே பெண்டாட்டி பிள்ளை இருக்குமோ என்று பேச்சு வளர்ந்தது. ஒரு வாரத்தில் சம்பந்தம் முறிந்தது. ஒரு பெண்ணைக் காப்பாற்றிய பெருமையில் ஏசுராஜ் நிம்மதியாகத்தான் இருந்தார்.

இந்த மே மாதம் லாட்ஜுக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்றார் கணவர். சாதாரணப் பேச்சு, ஆனால் கடைசியில் குரல் மேலே ஏறியது. ஸ்காட்லாந்தா என்று கேட்டார் ஏசுராஜ். வந்தவர் சிரித்தார். வடக்கு அயர்லாந்து, பெல்ஃபாஸ்ட். ஸ்காட்லாந்துக்கும் எங்களுக்கும் இடையில் கொஞ்சம் கடல்தான், அதனால் பேச்சு ஒன்றுபோலவே கேட்கும், நாடும் பிரிட்டனோடு சேர்ந்தது என்றார்.

தெரியாமல் நடந்த தப்பு என்று ஏசுராஜ் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. சந்தேகம் அன்றைக்கே வந்ததே, அதை விழுங்கியது யார்? வீட்டில் மனைவி இன்பமேரி, அந்தப் பையனுக்கு கிறிஸ்துமஸுக்கே வேறிடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது, ஆறின புண்ணை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று தடுத்தாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மஞ்சக்குட்டைக்கு பஸ் ஏறினார்.

எல்லாவற்றையும் சொன்னார், விழுங்கிய சந்தேகத்தையும் சேர்த்து. ஆண்டனி ராஜ், கர்த்தர் சித்தம் என்னவோ அதுதான் நடக்கும் என்று முணுமுணுத்துவிட்டு, காபி வைக்கச் சொல்லி உள்ளே போனார். துணி மடித்துக்கொண்டிருந்த அபிஷா நிமிரவில்லை.

"அவரும் இதையேதானுங்க சொன்னாரு, அங்கிள்," என்றாள். "எங்க பக்கம் இப்பிடித்தான் பேசுவாங்க, வேணும்னா ஆஸ்பத்திரியவே வீடியோவுல காட்டறேன்னு நொம்பக் கெஞ்சுனாரு."

"நீ பாத்தியா, கண்ணு?"

"இல்லீங்க. ஏசுராஜ் அங்கிளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்னு கேட்டுட்டு, போனை வெச்சுட்டேன்."