சோடியத்திலிருந்து குளோரின் வரை

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் புதிதாக ஒரு டியூஷன் சென்டர். சாயங்காலமானால் பிள்ளைகள் கூட்டாகப் படிப்பது மேலே கேட்கும். "தனிம அட்டவணை வரிசையில் இடமிருந்து வலமாகப் போனால் அணு ஆரம் குறையும்." நேற்று இதையே பத்துத் தடவை கத்தினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் தீய்ந்த வாடை.

தீய்ந்த வாடை என்றால் எனக்கு நெய்வேலிதான். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே கொடியில் காயும் துணியை முகர்ந்தால்கூட நிலக்கரி மணக்கும். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். டவுன்ஷிப்பில் புதிதாக ஒருவரைப் பார்த்தால், பேரைக் கேட்பதற்கு முன்பே எந்த பிளாக், என்ன டைப் குவார்ட்டர்ஸ் என்று கேட்பார்கள். பதவி ஏற ஏற வீடு பெரிதாகும். உலகமே அப்படித்தான் என்று நம்பி வளர்ந்த மக்கு நான்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்திருந்தேன். அப்பா ரிட்டையர் ஆக நாலு மாசம்தான் பாக்கி. ஆனதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தச் சமயம் பார்த்து எனக்கு மைன்ஸ் ஆய்வகத்தில் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. கிடைத்தால் என் பேரில் ஒரு குவார்ட்டர்ஸ், தம்பி தங்கைகள் பள்ளிக்கூடம் மாற வேண்டாம். அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு சைக்கிளில் கூட்டிப்போனார்.

உள்ளே மூன்று பேர். அவர்களும் முதலில் எந்த பிளாக், என்ன டைப் என்றுதான் கேட்டார்கள். சொன்னேன். சொன்னதிலிருந்து மனசு அந்த வீட்டையே சுற்றிக்கொண்டிருந்தது. அட்டவணையில் சோடியத்திலிருந்து குளோரின் வரை போனால் அணு பெரிதாகுமா, சிறிதாகுமா என்று நடுவில் இருந்தவர் கேட்டார். கல்லூரியில் எத்தனையோ தடவை எழுதிய பதில்தான்.

"பெருசாகும் சார்."

"ஏம்மா?"

"எலக்ட்ரான் கூடிக்கிட்டே போகுது சார். ஆள் கூடினா பெரிய வீடுதானே வேணும்."

அவர் சிரிக்கவில்லை. "வீடு அதேதாம்மா. உள்ளேருந்து நியூக்ளியஸ் இழுக்கிறதும் கூடிப்போகுதே, அப்ப சுருங்கத்தானே செய்யும்?" என்றார். ஐயோ, தெரியும் சார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த அப்பா என்ன கேட்டார்கள் என்றார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. அவர் முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

பட்டியலில் என் பேர் இல்லை. குறிஞ்சிப்பாடியில் இரண்டு அறை வாடகை வீட்டில் ஆறு பேர் நெருக்கியடித்தோம். தங்கைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. தம்பி படிப்பை விட்டுவிட்டுத் தறி வேலைக்குப் போனான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா சோற்றில் கையை வைத்தபடியே சொன்னார்.

"யாராச்சும் பெரிய ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்மா. நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் கெடுத்துட்டேன்."

காயாத துணியை எடுக்கிறேன் என்று கொல்லைக்கு ஓடினேன். பிறகும் அவர் அதையே சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு எங்கேயாவது எழுந்து போக ஒரு வேலை இருந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டும் அதையேதான் சொன்னார். அப்போதும் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

போன வருஷம் நெய்வேலிப் பக்கம் போனபோது எங்கள் வரிசை வீடுகளையே இடித்துவிட்டிருந்தார்கள், வாசற்படிகூடக் காணோம். அப்பாவும் இல்லை. தப்பு என்னுடையது என்று முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.