ஐப்பசி மூட்டை

ரெங்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் தஞ்சாவூருக்கு வெளியே அந்தப் பல்கலைக்கழகத்து நெல் ஆராய்ச்சிக் கூடத்தில் எந்த மூட்டை எப்போது வந்தது என்று கேட்டால் அவள்தான் சொல்வாள். புருஷன் செத்த மறுவருஷம் கூட்டிப் பெருக்க வந்தவள். பதினோரு வருஷமாகியும் விளங்காதது அந்தப் பூட்டிய அறைதான்.

தொட்டியில் வளரும் நெல்லுக்குக் கதிர்வீச்சு உரம் வைப்பார்கள், வேர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்க. அறுத்தபின் வைக்கோலை மஞ்சள் பையில் கட்டி, தேதிச் சீட்டு ஒட்டிப் பூட்டிவிடுவார்கள். ஐந்து மாதம் கழித்து, கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து, சாதாரணக் குப்பையோடு போடுவார்கள்.

"வெசம்னா பொதைக்கணும். இல்லன்னா மாட்டுக்குப் போடணும். இதென்ன, களவாணிய உள்ள போட்டு வெளிய விடுறாப்ல?" என்று பாதுகாப்பு அதிகாரி பர்வினிடம் கேட்டாள்.

"அது தானா அடங்கிடுங்க்கா. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பாதியாகும்."

"பாதி பாதியா கொறைஞ்சா எப்பதான் தீரும்?"

"முழுசா தீராது. கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் போயிடும்."

கேட்காமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது ரெங்கம்மாளுக்கு.

மாசி பிறந்ததும் பர்வின் ஒரு வாரப் பயிற்சிக்குப் போனாள். அறையில் இடமில்லை. சாவி வைத்திருந்த உதவியாளர் இளையபெருமாள் கேட்டான்: "எந்த மூட்டைக்குக்கா அஞ்சு மாசம் முடிஞ்சது?"

ரெங்கம்மாள் விரல் கணுவில் எண்ணினாள். "ஐப்பசி, கார்த்திய, மார்கழி, தை, மாசி. அந்தா, மூலையில கெடக்குதே, அது."

பசு சினையானாலும் பெண் உண்டானாலும் அவள் ஊரில் அப்படித்தான் எண்ணுவார்கள். மாதம் பிறந்துவிட்டால் அதுவும் ஒரு மாதம். மூட்டை வந்ததோ ஐப்பசிக் கடைசியில். இளையபெருமாள் சீட்டையும் பார்க்கவில்லை, மீட்டரும் வைக்கவில்லை, தூக்கிக் கொடுத்துவிட்டான்.

வைக்கோலைக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை. சாயந்தரம் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுக்கு உதறிப் போட்டாள். விடியுமுன் பால் கறந்து, பக்கத்து வீட்டு சைத்தூன் பீவிக்கு அரை லிட்டர் ஊற்றிவிட்டு வேலைக்கு ஓடிவந்தாள். மாடு தின்றதா என்று பார்க்கவில்லை.

அன்றுதான் பர்வின் திரும்பினாள். பதிவேட்டைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள்.

"அந்த வைக்கோல் எங்கக்கா?"

"மாட்டுக்குப் போட்டேன். அஞ்சு மாசம் ஆயிருச்சுல்ல?"

"தொண்ணூத்தஞ்சு நாள்தான் ஆயிருக்கு."

ரெங்கம்மாள் மறுபடி கணுவில் எண்ணினாள். ஐந்துதான் வந்தது. அப்புறம்தான் பால் ஞாபகம் வந்தது. "சைத்தூன் மவ ஹாஃபிஸா உண்டாயிருக்கா மேடம். அவதான் அந்தப் பாலைக் குடிக்கிறா."

பர்வின் ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் மீட்டரை மடியில் வைத்தபடி ரெங்கம்மாள் போன் போட்டாள். "சைத்தூனு, பாலைத் தொடாத. அப்படியே வையி."

"ஏண்டி, தண்ணி கூடிப்போச்சா?"

"தண்ணி ஊத்துறவ போன் போட்டா சொல்லுவா? வையின்னா வையி."

"இன்னும் காய்ச்சவே இல்லடி."

கொட்டகையில் வைக்கோல் போட்டபடியே கிடந்தது. மூன்று மாதம் பைக்குள் கிடந்து பூஞ்சை பிடித்திருந்ததில், மாடு மூக்கால் ஒதுக்கித் தள்ளியிருந்தது. மீட்டரை அதன்மேல் காட்டினதும் பல்லி கத்துகிறமாதிரி விடாமல் சத்தம். மாட்டின் வாயில், சாணத்தில், பால் செம்பில் எப்போதாவது ஒரு டிக்.

"இங்கயும் கத்துதே."

"இது எங்கயும் வரும்க்கா. இந்த மண்ணுலயும் இருக்கு, நம்ம ஒடம்புலயும் கொஞ்சம் இருக்கு."

"அப்ப என்னையும் பூட்டி வைக்கணுமா?"

பர்வின் கையுறை போட்டு வைக்கோலைத் துரும்பு விடாமல் பையில் அள்ளினாள். சோதனைக்குக் கொஞ்சம் பாலும் எடுத்துக்கொண்டாள். "மாடு தின்னல. ஆனாலும் ரிசல்ட் வர்றவரைக்கும் பாலைக் கீழ ஊத்திடுங்க."

"தின்னலங்கிறீங்க. ஊத்துங்கிறீங்க. சரி, என் வேலை போச்சா?"

"சீட்டப் பாக்காதது அவரு தப்பு. மாசம்னு சொன்னது என் தப்பு. ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதுவேன். இனிமே நாள்கணக்குதான். இந்த மூட்டைக்கு இன்னும் அம்பத்தஞ்சு நாள்."

ரெங்கம்மாள் ஐம்பத்தைந்து நெல்லை எண்ணி ஒரு டப்பாவில் போட்டாள். நாளுக்கு ஒன்று எடுத்தால் ஆயிற்று.

"இது தீந்தா அது தீந்துருமா?"

"அப்பவும் மீட்டர் வச்சுப் பாத்துதான் சொல்ல முடியும்."

அவள் டப்பாவைப் பார்த்தாள், பர்வினைப் பார்த்தாள்.

"அப்பறம் இந்த நெல்லு எதுக்குங்க?"