வேல்விழிக்குக் கால் எட்டிய வண்டி

வேல்விழி என்கிற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு சீர்ப் பந்தியில். ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்து இலையில் என் தங்கை மூக்கம்மாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அக்கா, எம் பையன் கிட்டுசாமி திருப்பூர்ல ஒரு புள்ளையக் கட்டிக்கிட்டானாமா. பேரு வேல்விழியாமா."

அவ்வளவுதான். பாயசத்துக்குக் காத்திராமல் இலையை மடித்துவிட்டாள்.

எங்கள் அம்மாயி வழியில் மூன்று ராமாயி உண்டு. அப்பாயி வழியில் இரண்டு பெரியாத்தாள். ஒரு மூக்கம்மாள் இறந்தபோது அவள் பெயரைத்தான் என் தங்கைக்கு வைத்தார்கள். வேல்விழி என்று எந்தக் கிளையிலும் இல்லை. யார் மக்கள், எந்த ஊர் என்று கேட்க வாய் வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றோடு விழுங்கிக்கொண்டேன்.

வேல்விழி சாத்தூர்ப் பக்கத்துப் பெண். திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கிட்டுசாமி அங்கேயே கட்டிங் மாஸ்டர். கல்யாணத்துக்குப் பிறகு மூக்கம்மாள் மகனோடு பேசவில்லை. பேச வைத்தவர் அவள் கொழுந்தனார் பெருமாள்சாமி. உடுமலையில் டிராக்டர் ஷோரூம் வைத்திருக்கிறவர். தன் பேரனின் காதுகுத்துக்குப் பத்திரிகை எடுத்துக்கொண்டு மண்ணரைக்கே போய், வேல்விழி கையால் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"நங்கையா, புள்ள வெக்கற கொழம்பு காரமுங்க. மத்தபடி கொற சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் அண்ணியாகிய என் தங்கையிடம்.

சொந்தத்தில் அந்த வீட்டுப் படியை முதலில் மிதித்தவர் அவர். வேல்விழி அதை மறக்கவே இல்லை.

பிறகு கிட்டுசாமிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆயிற்று. இனி கட்டிங் டேபிள் முன்னால் நாள் முழுக்க நிற்க முடியாது என்றார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக உடுமலைக்குத் தெற்கே இருக்கும் மூக்கம்மாளின் தென்னந்தோப்புக்கு வந்து சேர்ந்தார்கள். மூக்கம்மாள் "வா" என்றாள். அதற்குமேல் மருமகளிடம் பேச்சுக் கிடையாது. சோறு போடுவாள், தலைவலி என்றால் சுக்கு அரைத்து வைப்பாள், வாய் மட்டும் திறக்கமாட்டாள்.

தோப்பை உழ வாடகைக்கு ஒரு பெரிய டிராக்டர் வரும். வந்தால் சொட்டுநீர்க் குழாயை அறுக்காமல் போகாது. மரத்தைச் சுற்றி வெட்டிவைத்த பாத்தியையும் மிதித்துவிட்டுப் போகும்.

"நாமளே ஒரு சின்ன வண்டி வாங்கிடுவோம்" என்றாள் வேல்விழி.

"ஆரு ஓட்டறது? என்னைய டிராக்டர்ல உக்காரவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு."

"நான் ஓட்டுறேன். ஓவர்லாக் மெஷினும் காலால மிதிக்கிறதுதான?"

கிட்டுசாமி சிரித்தான். மூக்கம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் ஷோரூமுக்குக் கிளம்பும்போது அவளும் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். என்னையும் கூப்பிட்டாள்.

சொந்தக்காரர் கடை இருக்கும்போது வேறு கடைக்கு யார் போவார்கள்? நேராகப் பெருமாள்சாமியிடம்தான் போனோம். நல்ல வண்டி, குறை சொல்லமாட்டேன். வேல்விழி ஏறி உட்கார்ந்தாள். குள்ளமான பெண். சீட்டின் நுனிக்கு நகர்ந்தும் அவள் கால் கிளச்சைத் தேடிக்கொண்டே இருந்தது.

"கால் எட்டலயே மாமா."

"நீ எதுக்கு அம்மிணி மிதிக்கோணும்? டிரைவரை நான் அனுப்பறேன். நீ வரப்புல நின்னு அங்க ஓட்டு, இங்க ஓட்டுன்னு சொல்லு, போதும்."

பிரியமாகத்தான் சொன்னார். காபி வரவழைத்தார். வேல்விழி இறங்கி வந்து காபியைக் குடித்தாள். மூக்கம்மாள் காபியைத் தொடவில்லை. அந்தக் கிளச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் இன்னொரு கடை. வேறு கம்பெனி வண்டி. சும்மா பார்க்கலாமே என்று இறங்கினோம். கடைக்காரர் சனாவுல்லா முன்பு மண்ணரையில் தையல் மெஷின் ஸ்பேர் விற்றவராம்.

"ஓவர்லாக் வேல்விழிதானுங்க? பெடல் உசரம் சரியில்லைன்னு எங்க மெக்கானிக் உசுர வாங்குன புள்ள?"

"நானேதாண்ணே. இங்கயும் அதே பிரச்சினைதான்."

அந்த வண்டியிலும் முதலில் கால் எட்டவில்லை. சனாவுல்லா டிரைவர் பேச்சை எடுக்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவன் போல்ட்டைக் கழற்றிச் சீட்டை முன்னுக்குத் தள்ளி, கொஞ்சம் இறக்கியும் வைத்தான். சாயங்காலம் வண்டியைத் தோப்புக்கே ஓட்டிவந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். இரண்டு வரிசைத் தென்னைக்கு நடுவே வேல்விழி மெல்லப் போய்த் திரும்பி வந்தாள். குழாயில் சக்கரம் படவில்லை. இறங்கிய பிறகும் ஸ்டீயரிங்கில் ஒரு கை இருந்தது.

வண்டி போனதும் அவளே சொன்னாள்.

"பெருமாள்சாமி மாமாகிட்டயே வாங்கிடுவோம். டிரைவர் வச்சுக்கலாம்."

"ஏன்? இதுதான உனக்கு வாகா இருக்குது?" என்றான் கிட்டுசாமி.

"நம்ம வீட்டுக்கு மொதல்ல வந்தவரு. அவர விட்டுட்டு வேற கடையில வாங்குனா, மறுபடி நம்ம வாசலுக்கு யாரு வருவா?"

அடுப்படியிலிருந்து மூக்கம்மாளின் குரல் வந்தது.

"பூக் கேட்டுப் பார்க்கலாம்."

எங்கள் பக்கம் பெண்ணெடுக்க, கிணறு வெட்ட, எதற்கும் மாரியம்மனிடம் பூக் கேட்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். ஆத்தா காலடியில் போட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தால் அதுதான் உத்தரவு. பெரியவர்களானாலும் அதற்குமேல் பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை மூக்கம்மாள் பெருமாள்சாமியையும் மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொன்னாள். வெள்ளை வந்தால் அவர் கடை, சிவப்பு வந்தால் சனாவுல்லா கடை. இரண்டு பொட்டலத்தையும் வாழையிலைத் துண்டில் மூக்கம்மாளே கட்டி எடுத்து வந்திருந்தாள். வழக்கமாகக் குழந்தையைத்தான் எடுக்கச் சொல்வது.

"கொழுந்தனாரே, நீங்களே எடுங்க" என்றாள்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

கொஞ்ச நேரம் பூவைப் பார்த்தார். பிறகு வேல்விழியைப் பார்த்தார்.

"ஆத்தாளுக்கே என்ர வண்டி புடிக்கலையாமா. நான் என்னத்தச் சொல்றது? போ கண்ணு, வாங்கிக்க. டீசல் ஊத்தறப்பவாவது என்னைய நெனைச்சுக்க."

வேல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்கம்மாள் மிச்சப் பொட்டலத்தை எடுத்து மடியில் சொருகிக்கொண்டதை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் அதைப் பிரித்தாள். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். அதிலும் செவ்வரளி.

"ஏன் மூக்கா, ரண்டுலயும் செவப்பா?"

"ஆத்தாகிட்ட மொதல்லயே சொல்லிப்போட்டுத்தான் கட்டுனேன்." பூவைத் தென்னைப் பாத்தியில் போட்டாள். "அவளுக்குக் காலு எட்டோணுமில்ல?"

இது எத்தனை நாள் மறையும்? போன ஆடியில் மூக்கம்மாளே பெருமாள்சாமிக்குச் சோறு போடும்போது சொல்லிவிட்டாள். "அதானே பார்த்தேன், ஆத்தாளுக்கு டிராக்டரப் பத்தி என்ன தெரியும்" என்று சொல்லி இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். வேல்விழி வைத்த குழம்புதான்.

அவள் இப்போதும் அந்தத் தோப்பில்தான் இருக்கிறாள். அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கும் உழப் போகிறாள். இன்றைக்குப் பெருமாள்சாமி தோப்பில் உழுகிறாள்.