தலைதட்டாத கிண்ணம்

லைன்மேன் வேலையில் சேர்ந்தபோது நான் ஒல்லிக்குச்சி. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தால், ஏணிதான் என்னைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். ஆறே வருஷத்தில் தொண்ணூற்றாறு கிலோவுக்கு வந்துவிட்டேன். அதற்குக் காரணம் பம்புசெட்டுகள்தான்.

மாயவரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் குறுவை நேரத்தில் கரண்ட் போய்ப் பம்புசெட் நின்றால் மிராசு வீட்டுக்காரர்கள் தவித்துப்போவார்கள். எங்கள் தெருக்காரர்கள் கொல்லை வழியாக மட்டுமே போய்வந்த வீடுகள் அவை. என் அம்மா கூலி நெல் வாங்கியது அவர்கள் களத்தில்தான். இப்போது அதே வீடுகளில் "வாங்க லைன்மேன், உக்காருங்க" என்று நாற்காலி போட்டு, வடையும் காபியும் கொடுத்தார்கள். பசித்துத் தின்றதைவிட அந்த "வாங்க"வுக்காகத் தின்றதுதான் அதிகம். ஒரு நாளைக்கு நாலு வீடு, நாலு வீட்டிலும் வடை. வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

ஒருநாள் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு போஸ்டில் ஏறும்போது ஏணியின் மூங்கில் படி முறிந்தது. விழவில்லை, கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஆனால் கண் இருட்டி, மூச்சு வாங்கி, கீழே இறங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. விஷயம் என்ஜினீயர் காதுக்குப் போய்விட்டது.

"ஆறு மாசம் டயம் தர்றேம்ப்பா. ஒடம்பக் கொறச்சிட்டு, டாக்டர் கையெழுத்தோட வா. அதுவரைக்கும் போஸ்ட் ஏறாத. கொறையலன்னா ஆபீஸ்ல உக்காந்து புகார் நோட்டு எழுது."

சம்பளம் குறையப்போவதில்லை. ஆனாலும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரசாங்கம் குடிசைக்கு ஒரு விளக்கு என்று கொடுத்தபோது, எங்கள் தெருப் போஸ்டில் ஏறி முதல் இணைப்பைக் கொடுத்தவன் நான். அன்று பல்பு எரிந்ததும் தெருவே கைதட்டியது. அம்மா மட்டும் பல்பைப் பார்க்காமல், மேலே இருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவிலிருந்து போஸ்ட் ஏறிய முதல் ஆள் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டு எழுதுவதா?

மாயவரத்தில் ஒரு டாக்டர் பதினைந்து கிலோ குறைக்கச் சொன்னார். கலோரி என்ற வார்த்தையை அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். எதில் எவ்வளவு என்று ஒரு தாள் நிறைய எழுதிக்கொடுத்தார். மதியம் ஒரு கிண்ணம் சோறு, அதற்கு இருநூறு. தின்றதையெல்லாம் நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்டவேண்டும், தினமும் ஓடவேண்டும்.

எழுதுவதுகூடச் சுலபம், ஓடுவதுதான் பெரும்பாடு. விடிந்ததும் காவிரிக்கரையில் ஓடுவேன். பனியன் போட்டுக்கொண்டு உடம்பைக் குறைக்க ஓடும் வழக்கம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. லைன்மேன் ஓடுகிறான் என்றால் எங்கோ கம்பி அறுந்துவிட்டது என்றுதான் அர்த்தம். முதல் நாளே மண்வெட்டியோடு இரண்டு பேர் என் பின்னால் ஓடிவந்தார்கள். "எங்கங்க அறுந்திச்சு? மாடு கீடு மாட்டிக்கிச்சா?" ஒன்றும் இல்லை, சும்மா ஓடுகிறேன் என்றால் யாரும் நம்பவில்லை. ஒருவர் வீட்டுக்குப் போய் மெயினையே அணைத்துவிட்டாராம். ஒரு வாரம் கழித்துத்தான் ஊர் அடங்கியது. அந்தக் காலையையும், மதகில் தண்ணீர் இரைந்து விழும் சத்தத்தையும், சேற்று வாசனையையும் நினைத்தால் இன்றும் எனக்குக் கால் பரபரக்கும்.

வடையை விட்டேன். காபியில் சர்க்கரையை விட்டேன். இரண்டு மாதம் ஆயிற்று. டாக்டரின் தராசு ஒன்றரைக் கிலோதான் குறைந்திருக்கிறது என்றது. அவர் நோட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நோட்டுல உள்ளபடி சாப்ட்டிருந்தா இந்நேரம் ஆறு கிலோவாவது போயிருக்கணும். எனக்காகப் பொய் எழுதாதீங்க."

நான் கோபக்காரன். அதிலும் பொய்யன் என்ற பேர் வாங்கிக்கொண்டு சும்மா வர முடியுமா? சைக்கிளை மிதித்த மிதியில் மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அம்மாவும் நானும்தான். அவள்தான் பரிமாறுவாள், அதுவரை நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குத்தான் அவள் கையைப் பார்த்தேன்.

கிண்ணத்தில் சோற்றை நிரப்பி, உள்ளங்கையால் அழுத்தி, அதற்குமேல் இன்னும் வைத்து, கோபுரமாகக் குமித்து என் தட்டில் கவிழ்த்தாள். ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய இரண்டு கிண்ணம் சோறு.

"என்னம்மா இது? ஒரு கிண்ணம்னுதானே சொன்னேன்?"

"ஒரு கிண்ணந்தாண்டா போட்டேன். நீ பாக்கத்தானே போட்டேன்?"

அவள் பொய் சொல்லவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததைத் தெருவே சொல்லும். களத்தில் கூலி நெல் அளக்கும்போது மிராசின் காரியக்காரர் மரக்காலை நிரப்பி, குமிந்து நிற்பதை ஒரு கையால் வழித்துக் குவியலிலேயே தள்ளிவிடுவாராம். தலைதட்டி அளப்பது என்று அதற்குப் பேர். குமித்து அளக்கவேண்டும் என்று கேட்டு எங்கள் ஆட்கள் அறுவடைக்குப் போகாமல் நின்றார்கள். போலீஸ் லாரி தெருவில் வந்து நின்றது. வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அம்மா வரப்பில் உட்கார்ந்து மறித்தாளாம். நத்தையும் கீரையும் தின்று நாளைத் தள்ளி, கடைசியில் குமித்த மரக்கால்தான் வாங்கினார்கள். அதற்கப்புறம் அவள் எதையும் தலைதட்டி அளந்ததில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு கை உப்பு கொடுத்தாலும் குமித்துத்தான் கொடுப்பாள். அவளுக்கு ஒரு கிண்ணம் என்றால் அதுதான் ஒரு கிண்ணம்.

இதெல்லாம் தெரிந்தும் அன்று நான் ஒரு காரியம் செய்தேன். கிண்ணத்தைப் பிடுங்கி, சோற்றை மறுபடி அதில் அள்ளி, அவள் முகத்துக்கு நேரே நீட்டி, விரலால் வழித்துத் தள்ளினேன். "இதாம்மா ஒரு கிண்ணம்!"

அம்மா எழுந்துவிட்டாள். சோறு சிந்திக் கிடந்த தரையைப் பார்த்தாள்.

"நீயுமாடா தட்டுற?"

அன்றிலிருந்து அவள் எனக்குப் பரிமாறவில்லை. ஒரு வாரம் நானே போட்டுக்கொண்டு தின்றேன். அளவு சரியாக இருந்தது, எடையும் இறங்கத் தொடங்கியது. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள் காலையில் ஓடிவிட்டு வந்து ஷூவைக் கழற்றும்போது அவளே கேட்டாள்.

"ஒடம்பு கொறையலன்னா மெய்யாலுமே போஸ்ட்ல ஏற வுட மாட்டாங்களா?"

"வுட மாட்டாங்கம்மா."

அடுப்படிக்குப் போய்விட்டாள். மதியம் என்னை உட்காரச் சொல்லிக் கிண்ணத்தை எடுத்தாள். சோற்றைப் போட்டாள். அழுத்தவில்லை. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, புறங்கையால் மெதுவாக வழித்தாள். வழித்த சோற்றைப் பானையில் போடாமல் தன் தட்டில் வாங்கிக்கொண்டாள்.

"குமிஞ்சத திரும்பக் குவியல்ல போடக் கூடாது" என்றாள்.

மீதி மாதங்கள் முழுக்க இப்படியே நடந்தது. ஒருநாளும் அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு வழித்ததில்லை. அவள் வாழ்நாளில் தலைதட்டி அளந்தது எனக்கு மட்டும்தான். அதை நினைத்துக்கொண்டே நான் ஓடினேன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலைச் சுற்றி ஓடினேன்.

ஆறாம் மாதம் எண்பத்தொன்றில் நின்றேன். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அன்னைக்குச் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மறுநாளே எங்கள் தெருவில் ஒரு ஃபியூஸ் போயிருந்தது. ஏறினேன். மூச்சு வாங்கவில்லை. கீழே அம்மா, கண்ணுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு, முன்போலவே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். பழக்கத்தில் நோட்டைத் திறந்து தேதியை எழுதினேன். அம்மா கிண்ணத்தை நிரப்பினாள். உள்ளங்கையால் அழுத்தினாள். அதற்குமேல் இன்னும் வைத்தாள், சரிந்து விழுகிற மட்டும் வைத்தாள். அப்படியே என் தட்டில் கவிழ்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

"இத எழுதாத" என்றாள்.

நான் எழுதவில்லை.