மூன்று பேர் வேலை செய்யும் வீடு

அப்பாவிடம் ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான் இருந்தது. கல்யாணத்துக்குத் தைத்தது. ரப்பர் பால் பட்ட துணியை எப்படி அடித்துத் துவைத்தாலும் கறை போகாது, கறுத்துக்கொண்டேதான் போகும். அதனால் அந்தச் சட்டையை அவர் பால் வெட்டப் போகும் ரப்பர் மரத்துப் பக்கமே காட்டமாட்டார். தேருக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒருநாள், தேருமில்லை கல்யாணமுமில்லை, சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்து வாசலில் அந்தச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விசிலடித்தபடி தேய்த்தார். அப்பா விசிலடித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அக்கா ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸாகியிருந்தாள். யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அதற்கு முன்னால் யாரும் பாஸானதாக எனக்குத் தெரியாது. தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் தமிழில் ஒழுங்காகப் படிக்க வேண்டுமென்றால் தூரத்து ஊரில், விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். அரசாங்கம் தரும் உதவிப்பணம் கிடைத்தால் விடுதிக்குக் கட்டலாம், இல்லையென்றால் இல்லை. அந்தப் பணம் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். வசதியில்லை என்று கிராம சேவகர் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதானே, எங்களைவிட வசதியில்லாதவர்கள் யார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்பா ஒட்டுப்பால் நாற்றம் போக இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் குளித்தார். அக்காவுக்குப் பக்கத்துக் காம்பரா அத்தையின் தங்கத்தோட்டை வாங்கிப் போட்டுவிட்டாள் அம்மா. பெரிய மனிதர் முன்னால் போய் நிற்கிறோம், பஞ்சப் பரதேசியாகவா போவது? எங்கள் தோட்டத்தில் அது ஒரு வழக்கம். ஒரு வீட்டின் மதிப்பு அந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் வேலைக்குப் பதிந்திருக்கிறார்கள் என்பதில்தான். பெண் கேட்டுப் போனாலும் அதைத்தான் சொல்வார்கள், கடையில் கடன் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். கிராம சேவகர் சிங்களத்தில் கேட்டார், வீட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்று. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "துன் தெனெக், மாத்தயா," என்றார். மூன்று பேர். தான், அம்மா, எங்களோடு இருந்த சித்தப்பா. அவர் கேட்கும் முன்பே மூன்று பேருடைய சம்பளத் துண்டையும் எடுத்து மேசையில் விரித்து வைத்தார். மூன்றும் நல்ல வெயில் மாதத்துத் துண்டுகள். மழைநாளில் பால் வெட்ட முடியாது, பாதிச் சம்பளம்கூட வராது. அதைக் காட்டினால் கேவலம் என்று நல்ல மாதமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருந்தார் பாவி மனுஷன்.

அதே நாளில் கடைவீதி முதலாளி ஒருவரும் அங்கே வந்திருந்தார். அவர் மகனும் பாஸாகியிருந்தான். லொறி வைத்திருந்தவர், கிழிந்த பனியனோடு வந்து, வியாபாரம் படுத்துவிட்டது என்று இரண்டு கையையும் விரித்தார். அவருக்கு ஏது சம்பளத் துண்டு? வாயால் சொன்னதுதான் கணக்கு. அவர் மகனுக்கு உதவிப்பணம் கிடைத்தது. அக்காவுக்கு, மூன்று பேர் சம்பாதிக்கும் வீடு என்று, கிடைக்கவில்லை. அந்த முதலாளியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அம்மா சொல்வாள். நான் சொல்வேன். ஏன் சொல்லக்கூடாது?

அக்கா கொஞ்ச காலம் பஸ் ஏறிப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் போனாள். மழைக்காலம் வந்தது, சம்பளம் சுருங்கியது, பஸ் காசுக்கு வழியில்லை, நின்றுவிட்டாள். சித்தப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனதும், அந்த இடத்துக்கு அக்கா பெயரைப் பதிந்தார்கள். பால் வெட்டும் கத்தி அவள் கைக்கு வந்தது. ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை. ஒருநாள் கடையிலிருந்து வந்தவள் சாமானைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "சீனிக்கும் சவுக்காரத்துக்கும் வரி புடிக்கிறப்ப மட்டும், ஒங்க வீட்டுல எத்தன பேருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறானே!" அம்மா சிரித்தாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு நான் பாஸானேன். அப்பா பெட்டியைத் திறக்கவேயில்லை. மரத்தடியிலிருந்து நேரே, கறை பிடித்த அரைக்காற்சட்டை, வெறுங்கால், மழை மாதத்து ஒற்றைச் சம்பளத் துண்டு. எனக்குத் துணையாக அக்காவும் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தாள். கிராம சேவகர் மாறியிருந்தார், கேள்வி மாறவில்லை. அப்பா குனிந்துகொண்டு, "மங் விதரய், மாத்தயா," என்றார். நான் மட்டும்தான். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாது என்றார். கிராம சேவகர் அக்காவைக் காட்டி, இந்தப் பெண் யார் என்று கேட்டார். அக்காவின் விரல் முழுக்கப் பால்கறை. அவள் என் கையை விட்டுவிட்டுத் தன் இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டாள். அப்பா அவளைப் பார்க்காமலே சொன்னார், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று.

கையெழுத்துக் கிடைத்தது. பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். டீக்கடையில் அப்பா இரண்டு டீ மட்டும் சொன்னார், எனக்கும் அக்காவுக்கும். தனக்கு வேண்டாமாம். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்து, "பக்கத்து வீட்டுப் புள்ளைக்கெல்லாம் டீ வாங்கித் தர்றீங்க, பெரிய மனசுதாங்கப்பா ஒங்களுக்கு," என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார். "அழாதீங்கப்பா, சும்மாதான் சொன்னேன்," என்று அக்கா அவர் முதுகைத் தடவினாள். அந்தக் கையெழுத்தில் நான் விடுதிக்குப் போனேன், படித்தேன், டீச்சரானேன். அக்கா பால் வெட்டினாள். இப்போது என்னிடமும் அப்பாக்கள் வருகிறார்கள், பிள்ளைக்கு உதவிப்பணம் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருபவரிடம், கிராம சேவகரைப் பார்க்கப் போகும் முன் அதைக் கழற்றிவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்த வருடம், ஒரு மழைக்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். அக்காவுக்காகக் கிராம சேவகரிடம் போன நாளுக்குப் பிறகு அந்தச் சட்டையை அவர் எந்தத் தேருக்கும் போடவில்லை, எந்தக் கல்யாணத்துக்கும் போடவில்லை. பெட்டியில் அப்படியே இருந்தது, மடிப்பில் மட்டும் மஞ்சள் பூத்திருந்தது. அக்காதான் எடுத்து வந்து போட்டுவிட்டாள். அவர் இளைத்திருந்ததால் தோளில் தொளதொளவென்று கிடந்தது. வெளியே கிராம சேவகர் வந்து உட்கார்ந்திருந்தார், ஊர் சனமெல்லாம் நின்றது. அக்கா கறை பிடித்த விரல்களால் ஒவ்வொரு பித்தானாகப் போட்டாள். கழுத்துப் பித்தானைப் போட்டதும் அவர் முகத்தருகே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இப்பவாவது சொல்லுங்கப்பா, நம்ம வீட்டுல எத்தன பேரு?"