செக்கர் கண்டெடுத்த டப்பா

பேருந்தில் ஏறிப் பயணச்சீட்டைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. அதனால் ஊருக்கு அவர் செக்கர். ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டு இறங்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில், டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கம் சாய்ந்து குறட்டை விட்டாலும் சரி, பத்திரமாக வைத்த சீட்டைத் தேடுகிறவன் போலப் பையெல்லாம் தடவினாலும் சரி, செக்கர் அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். "பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியும்யா, எந்திரி!" என்று அவர் போடும் சத்தத்தில் டிரைவரே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். கடமை பாதி என்றால், அப்படி எல்லோரும் திரும்பிப் பார்க்கிற சுகம் மீதிப் பாதி. இதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.

வேலை போனதே தவிர கண் போகவில்லை. மருமகன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த சிகரெட்டைக் கண்டுபிடித்தார். மனைவி மருந்து சாப்பிடாமல் ஜன்னல் வழியாக வீசிய மாத்திரையைக் கண்டுபிடித்தார். வீட்டில் யாருக்கும் நிம்மதியாக ஒரு சின்னத் தப்பு செய்ய வழியில்லாமல் போயிற்று.

"பஸ்ஸுல பிடிக்க ஆளில்லன்னு இப்ப எங்களைப் பிடிக்கிறாரு. இவரை எங்கயாவது கூட்டிட்டுப் போடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அம்மா மகளிடம் கெஞ்சினாள்.

மகளுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஜியோகேஷிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, இடத்தின் குறியை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதலாம். பொம்மை, பொத்தான் என்று ஒன்றை எடுத்துக்கொண்டால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். முக்கியமான விதி, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் எடுத்து, தெரியாமலே திருப்பி வைத்துவிட வேண்டும். செக்கருக்கு இந்த ஆட்டம் அல்வா சாப்பிடுவது போல இருந்தது. அந்த முக்கியமான விதி மட்டும் அவர் காதில் ஏறவே இல்லை.

அன்றைக்கு மகளும் அவளுடைய குழுவும் அவரைப் பக்கத்தில் இருந்த பழைய சந்தை ஊருக்கு அழைத்துப் போனார்கள். கல் பாவிய தெருக்கள், இரண்டு பக்கமும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற கடைகள், நடுவில் தூண்கள் வைத்த பெரிய சந்தை மண்டபம். மண்டபத்தின் மேலே ஓர் அறை. ஒரு காலத்தில் சந்தையின் எடைக்கற்களை அங்கே வைத்திருந்தார்களாம். பூட்டி எத்தனையோ வருஷமாயிற்று, சாவி தொலைந்துவிட்டது என்று வாசல் பலகையைப் படித்துக்கொண்டிருந்தவர்களிடம் மண்டபத்து மேற்பார்வையாளர் சொன்னார்.

படிக்கட்டின் அடியில் ஓர் அம்மா தையல் மெஷினை வைத்துக்கொண்டு குடையும் பையும் சரிசெய்துகொண்டிருந்தார். அறுந்துபோயிருந்த மகளின் பை வாரை இழுத்து வைத்துத் தைத்துக் கொடுத்தார். தையல் அவ்வளவு சுத்தம்.

"வீடு பக்கத்துலயாம்மா?" என்று மகள் பேச்சுக்குக் கேட்டாள்.

"பையன் வீடு இருக்குதும்மா. சாயங்காலம் மெஷினை மூடினா வந்து கூட்டிட்டுப் போயிடுவான், தங்கமான புள்ள" என்றார் குடைக்காரம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூரைக்கு அடியில் போனதும் கைப்பேசியின் அம்புக்குறி பேய் பிடித்தது போலச் சுற்றியது. கனத்த கல் கட்டடத்துக்குள் அப்படித்தான் ஆகும், பத்தடி முன்னே பின்னே காட்டும். குழுவில் இருந்த பல் டாக்டர் போனைத் தட்டிப் பார்த்தார், உதறிப் பார்த்தார்.

"கண்ணு இருக்கும்போது போன் எதுக்கு டாக்டர்?" என்று செக்கர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை நடந்தார். படிக்கட்டுக்குப் பக்கத்துத் தூணின் அடியில் ஒரு கல் மட்டும் தூசி இல்லாமல் இருந்தது. அவருக்கு அது போதும். கல்லை உருவினார். உள்ளே ஒரு பிஸ்கட் டப்பா.

"ஆப்டுச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மண்டபம் முழுக்கத் திரும்பியது. பழக்கடைக்காரர் வந்தார், பாத்திரக்கடைப் பெண் வந்தாள், மேற்பார்வையாளரும் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் செக்கருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். தேய்ந்த சோப்புத் துண்டு. சீப்பு. பல் துலக்கும் பிரஷ். கையளவுக் கண்ணாடி. நாலாக மடித்த ஒரு நைட்டி. அதை உதறித் தோளுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "யாருக்கு வேணும்? ஒண்ணு எடுத்தா ஒண்ணு வெக்கணும், அதான் ரூல்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரஷ் நம்ம டிபார்ட்மெண்ட் என்றார் டாக்டர். அதற்கும் சிரித்தார்கள்.

"அப்பா..." மகள் மூன்றாவது தூணுக்குப் பின்னால் இருந்து வந்தாள். அவள் கையில் கட்டைவிரல் அளவு ஒரு குப்பி, காந்தத்தோடு. "நம்ம டப்பா இதுப்பா. அது வேற யாரோடதோ. உள்ள வெச்சிடுங்க."

அங்கேயே அவர் வைத்திருந்தால் நல்லது. ஆனால் டப்பாவின் அடியில் இன்னொன்று கிடந்தது. பெரிய இரும்புச் சாவி. அதைப் பார்த்ததும் மேற்பார்வையாளரின் முகம் மாறியது. "இது மேல் ரூம் சாவி ஆச்சே! யாரோ இதை வெச்சுக்கிட்டு மேல குடியிருக்காங்களா?"

படிக்கட்டின் அடியில் தையல் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. செக்கர் திரும்பிப் பார்த்தார். குடைக்காரம்மா ஒரு குடைக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை செக்கருக்கு மனப்பாடம். டிக்கெட் இல்லாதவர்களின் பார்வை.

"ஏம்மா, இது உங்களுதா?" என்றார் மேற்பார்வையாளர்.

"எனக்கெதுக்குங்க? எனக்குத்தான் பையன் வீடு இருக்குதே."

செக்கர் டப்பாவை மூடிவிட்டுப் பேசாமல் நடந்திருக்கலாம். மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கவும் செய்தாள். ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? மூளை யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியும். இந்தம்மாதான்!"

பேருந்தாக இருந்தால் இந்த இடத்தில் யாராவது, பலே செக்கர் என்றிருப்பார்கள். இங்கே பழக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போனார். பாத்திரக்கடைப் பெண் செக்கரின் கையில் இருந்த நைட்டியைப் பிடுங்கி, மடித்து, குடைக்காரம்மாவின் மடியில் வைத்தாள். குடைக்காரம்மா அழவில்லை. தைத்துக்கொண்டிருந்த குடையை விரித்து, தன் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

அப்போதுதான் செக்கருக்கு உறைத்தது. தான் உதறிக் காட்டியது ஒரு பெண்பிள்ளையின் ராத்திரித் துணி என்பது புத்தியில் ஏறியது. வீடு வந்ததும் மகள் நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னாள். விஷயத்தைக் கேட்ட மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவளோ, "அவங்க இன்னிக்கு எங்கங்க படுப்பாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தட்டை வைத்தாள்.

காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு முதலில் மேற்பார்வையாளரிடம் போனார். "சாவிய நான்தான் சார் வெச்சேன். எல்லாம் அந்த ஆட்டத்துக்காக" என்றார். வாழ்நாளில் பிறர் சொன்ன பொய்களை எல்லாம் பிடித்தவருக்குத் தன் வாயால் ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்ல வரவில்லை. கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது.

"விடுங்க சார். அந்தம்மா நேத்தே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. மகன் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சாம்" என்றார் மேற்பார்வையாளர். "எனக்குத் தெரியாம இருந்த வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல. இத்தனை பேர் முன்னால தெரிஞ்சப்புறம் நான் என்ன பண்றது? பூட்டை மாத்தியாச்சு. பகல்ல கடை போட்டுக்கட்டும்னு சொல்லிட்டேன்."

குடைக்காரம்மா படிக்கட்டின் அடியில்தான் இருந்தார். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. இரவு எங்கே கழிந்தது என்று கேட்கச் செக்கருக்குத் துணிவு வரவில்லை. மகள் தள்ளியே நின்றாள். செக்கர் அவர் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். யார் முன்னாலும் அப்படி உட்கார்ந்து அவருக்குப் பழக்கம் இல்லை.

"அம்மா, நான் செஞ்சது பெரிய தப்பு. எந்த மொகத்த வெச்சுக்கிட்டு வந்தேன்னு எனக்கே தெரியல. எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. என் வீட்டுக்காரிதான் கூட்டிட்டு வரச் சொன்னா. வாடகை கீடகை எதுவும் வேணாம். வந்துடுங்கம்மா, உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

குடைக்காரம்மா கோபப்படவில்லை. பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார். நல்ல யோசனைதானா என்று நிஜமாகவே யோசிக்கிறவர் போல இருந்தது.

"நல்ல மனசுதான் சார் உங்களுக்கு" என்றார். "ஆனா நீங்க இருக்கிற வீட்டுல, நான் எதை எங்க ஒளிச்சு வெப்பேன்?"