பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு குறுகலான ஒழுங்கையில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கொழும்பில் கலியாணம் முடிந்த கையோடு கணவர் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டார். அம்மாவும் யாழ்ப்பாணம் போய்விட்டார். எனக்கு மட்டும் விசா வரவேண்டும். ஒரு மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். எந்த வருடத்து மாதம் என்று யாரும் சொல்லவில்லை.

அறை கொடுத்த அங்கிள் முதல் நாளே தன் சட்டங்களைச் சொல்லிவிட்டார். இருட்டினால் வெளியே போகக்கூடாது. ஆட்களைக் கூட்டி வரக்கூடாது. ரேடியோ கூடவே கூடாது.

"ஆமிக்காரன் வந்தா என்ன கேக்கிறனீர் எண்டு கேப்பான் பிள்ளை. பிறகு நான்தான் பதில் சொல்லோணும்" என்றார்.

ஆனாலும் ஒரு சின்ன பற்றரி ரேடியோவைத் துவாயில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். நாள் முழுக்க ஒரு வார்த்தை கதைக்க ஆளில்லாத அறை அது. அந்த ரேடியோவும் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கிள் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிற நேரத்தில் ஒரு நிகழ்ச்சி போகும். எங்கள் தாத்தா காலத்துப் பாட்டு ஒன்று போடுவார்கள். அது முடிந்ததும் நேற்று வந்த படத்தின் துள்ளல் பாட்டு. அதைப் பாதியில் வெட்டிவிட்டுச் சிரிக்க வைக்கிற ஒரு பகிடி நாடகம். பிறகு அம்மா இளமையில் கேட்ட பாட்டு. எதற்குப் பின் எது வரும் என்று அறிவிப்பாளருக்கே தெரியுமோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு ஞாயிறு, வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் கடற்காற்றுக்குத் தனி வாடகை கேட்பதாக நாடகம். ஜன்னலைப் பூட்டிக்கொள்கிறேன் என்கிறார் குடியிருப்பவர். அப்படியென்றால் உள்ளே அடைபட்ட காற்றுக்கு வாடகை தா என்கிறார் சொந்தக்காரர். அவருடைய குரல் அப்படியே எங்கள் அங்கிளின் குரல். எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. வாயைப் பொத்தினால் மூக்கால் வரும். அன்று இரண்டாலும் வந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ சிரித்தார்கள்.

அது முன்பு ஒரே வீடாக இருந்ததை இரண்டாகப் பிரித்த கட்டடம். நடுவில் இருந்த கதவைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். அந்தப் பலகையை ஒட்டித்தான் என் கட்டில். அந்தப் பாதிக்கு வாசல் அடுத்த ஒழுங்கையில் என்பதால், அங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் சிரிப்பு, அதுவும் கொஞ்சம் வயதானவரின் சிரிப்பு என்று மட்டும் விளங்கியது.

அடுத்த ஞாயிறு ரேடியோவைப் பலகையோடு சேர்த்து வைத்தேன். நான் சிரிக்க அவரும் சிரித்தார். ஒருநாள் நாடகம் படுமோசம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவரும் சிரிக்கவில்லை. நல்ல ரசனை உள்ள மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். ஆறு நாளும் ஊமையாகக் கிடந்துவிட்டு, ஏழாம் நாள் முகம் தெரியாத ஒருவரோடு சேர்ந்து சிரிப்பேன். பெயரைக் கேட்கவோ பலகையில் தட்டவோ எனக்குத் துணிவு வரவில்லை. அந்த நாட்களில் தெரியாதவரிடம் பெயர் கேட்பதும் பயம், சொல்வதும் பயம்.

பிறகு நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. அதற்கு அடுத்த நாள் காலை எங்கள் ஒழுங்கையை மறித்து வீடு வீடாகச் சோதனை. என் அடையாள அட்டையையும், கொழும்பில் தங்குகிற தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவையும் பார்த்த அதிகாரி, போகிற போக்கில் தலையணையைத் தூக்கினார். துவாயில் சுற்றிய ரேடியோ கையில் வந்தது. அதை ஒளித்து வைத்ததுதான் வினையாகப் போயிற்று. சண்டை பிடிக்கிற இயக்கத்தின் ரேடியோ கேட்கிறாயா என்று சிங்களத்தில் அதட்டினார். என்னுடைய சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்குகிற அளவுதான். "பாட்டு சேர், பாட்டு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அங்கிளிடம் கேட்டார். தனக்கு ஒன்றும் தெரியாது, ரேடியோ போட வேண்டாம் என்று சொன்னதாக அங்கிள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஞாயிறு மத்தியானம் தூங்குகிற மனிதருக்கு உண்மையிலேயே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

முந்தைய மாதம் இதே ஒழுங்கையில் ஜீப்பில் ஏற்றிய ஒரு பெண் இன்னும் திரும்பவில்லை. நான் போனால் என்னைத் தேடக்கூட அங்கே ஆள் இல்லை.

அதிகாரியின் கண் அந்தப் பலகையில் விழுந்தது. ஓங்கித் தட்டினார்.

"கவுத?" என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

யார் என்று சிங்களத்தில் கேட்கிறார்! தமிழ்ப் பகிடிக்குச் சிரிப்பவர் தமிழர்தான் என்று நான் நினைத்திருந்தேன். இத்தனை ஞாயிறும் நான் கேட்டதெல்லாம் ஒரு சிங்கள அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

இந்தப் பெட்டை ரேடியோவில் என்ன கேட்கிறாள் என்று அதிகாரி பலகையைப் பார்த்துக் கேட்டார். பலகைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. சிங்களம்தான், ஆனால் ஆறுதலாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னதால் எனக்கே விளங்கியது.

"பழைய பாட்டு கேக்கிறா, புதுப் பாட்டு கேக்கிறா, நடுவில பகிடி கேட்டுச் சிரிக்கிறா. நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் மாத்தயா. சண்டைச் செய்தி கேட்டு யாராவது அப்பிடிச் சிரிப்பினமா?"

அதிகாரி என்னை ஒருமுறை பார்த்தார். ரேடியோவைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே போனார்.

அன்று பின்னேரம் ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு அந்த வாசலுக்குப் போனேன். மெலிந்த ஒரு அம்மா கதவைத் திறந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. "வா துவ" என்று மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, உள்ளே இருத்தித் தேத்தண்ணி தந்தார். கணவர் இறந்தபின் தனியே இருக்கிறாராம். எந்தப் பகிடி பிடித்தது அன்ரி என்று என் ஓட்டைச் சிங்களத்தில் கேட்டேன்.

"எனக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நீ சிரிக்கேக்க எனக்கும் சிரிப்பு வரும், அவ்வளவுதான். தனியச் சிரிக்க ஏலாதே" என்றார்.

அதன்பிறகும் நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்தான். சோதனைக்குப் பிறகு பகலிலும் தேவையில்லாமல் வெளியே போக அங்கிள் விடவில்லை, ரேடியோவை மட்டும் கண்டும் காணாமல் விட்டார். ஆனால் படுமோசமான நாடகத்துக்கும் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

கடைசியில் விசா வந்தது. புறப்படுமுன் அந்த ரேடியோவை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. என் கையிலேயே திருப்பி வைத்துப் பொத்தினார்.

"நீ இல்லாம எனக்கு இது என்னத்துக்கு? எந்த இடத்தில சிரிக்கோணும் எண்டு ஆர் சொல்லுவினம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போது நான் இருக்கிற நாட்டிலும் சுவர்கள் மெல்லியவை, பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. ரேடியோவில் பகிடி வந்தால் வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகச் சிரிக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது தனியே இருந்தால் அவர்களுக்கும் கேட்கட்டும்.